மும்பை லோக்கலில் முதல் மூன்று வாரம்

நீங்கள் கேட்டிருப்பது இது. சாத்தூர்ப் பக்கமிருந்து முதல் தடவையாக மும்பைக்கு வருகிறீர்கள். ஜூலையில் மூன்று வாரப் பயிற்சி. தங்குவது அந்தேரி கிழக்கில், அலுவலகம் லோயர் பரேலில். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோம்பிவிலியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போகவேண்டும். இந்தி அரைகுறை. எந்த ரயிலில் ஏறுவது, எங்கே மாறுவது என்று கேட்கிறீர்கள். அந்தப் பதில் மொபைல் மேப்பிலேயே கிடைத்துவிடும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். நின்று யோசிக்க இடம் தராத கூட்டத்தில், பாஷையும் சரளமாக வராமல், ஒரு பெண் தனியாகத் தடுமாறாமல் போய்வர முடியுமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. முடியும். கல்யாணமாகி நான் இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தணிக்கை அலுவலக வேலை என்பதால் இந்த வாரம் ஒரு கம்பெனி, அடுத்த வாரம் வேறொரு ஸ்டேஷன் என்று ஊர் முழுக்க லோக்கல் ரயிலில் அலைந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு மனதில் பதிய வேண்டும். மும்பை தெற்கு வடக்காக நீண்ட ஊர், ரயில் பாதைகளும் அப்படியே ஓடுகின்றன. வெஸ்டர்ன் லைன் தெற்கே சர்ச்கேட்டில் தொடங்கி தாதர், பாந்த்ரா, அந்தேரி, போரிவலி வழியாக விரார் போகிறது, சில ரயில்கள் அதற்கும் மேலே டஹாணு ரோடு வரை. சென்ட்ரல் லைன் சி.எஸ்.எம்.டி.யில், அதாவது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் தொடங்கி தாதர், குர்லா, காட்கோபர், தானே, டோம்பிவிலி வழியாகக் கல்யாண் போய், அங்கே கசாரா பக்கம் ஒன்று, கர்ஜத் பக்கம் ஒன்று என்று பிரிகிறது. பழைய ஆட்கள் சி.எஸ்.எம்.டி.யை இன்னும் விக்டோரியா டெர்மினஸ் என்ற பழைய பெயரால் வி.டி. என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். மூன்றாவது ஹார்பர் லைன். அதுவும் சி.எஸ்.எம்.டி.யிலிருந்துதான் கிளம்புகிறது. வடாலாவில் பிரிந்து ஒரு கிளை குர்லா வழியாகப் பன்வேலுக்கும், இன்னொன்று மாஹிம், பாந்த்ரா, அந்தேரி வழியாகக் கோரேகாவுக்கும் போகின்றன.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு. இங்கே விலாசத்தில் ஊர்ப் பெயரோடு ஈஸ்ட் அல்லது வெஸ்ட் என்று கட்டாயம் இருக்கும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தப்பான பக்கம் இறங்கி வெளியே வந்து ஆட்டோ பிடித்துவிட்டால், பாலம் இருக்கிற இடம் வரை சுற்றி வரவேண்டியிருக்கும். ரயிலைவிட்டு இறங்கியதும் மேம்பாலத்தில் ஏறி, உங்கள் பக்கத்துப் பலகையைப் பார்த்த பிறகு படி இறங்குவது நல்ல பழக்கம்.

பெயர்களில் சில கண்ணிகள் உண்டு. உங்களுக்கு முக்கியமானது பரேலும் லோயர் பரேலும். பரேல் சென்ட்ரல் லைனில், லோயர் பரேல் வெஸ்டர்னில். யாராவது சுருக்கமாக 'பரேல்' என்று சொன்னால் எந்தப் பரேல் என்று திருப்பிக் கேளுங்கள். மும்பை சென்ட்ரல் என்ற ஸ்டேஷன் இருப்பது வெஸ்டர்ன் லைனில், சென்ட்ரல் லைன் ரயில் எதுவும் அங்கே போகாது. மாதுங்கா சென்ட்ரல், மாதுங்கா ரோடு வெஸ்டர்ன். பாந்த்ரா டெர்மினஸ் வேறு, லோக்கல் நிற்கும் பாந்த்ரா ஸ்டேஷன் வேறு.

இனி உங்கள் தினசரிப் பாதை. வெஸ்டர்ன் லைனில் அந்தேரிக்கும் மும்பை சென்ட்ரலுக்கும் நடுவே ஃபாஸ்ட் ரயில்கள் பொதுவாக நிற்பது பாந்த்ராவிலும் தாதரிலும்தான். லோயர் பரேலில் ஃபாஸ்ட் நிற்காது. ஆகவே அந்தேரியிலிருந்து எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் சர்ச்கேட் ஸ்லோ ஏறுங்கள். பார்லே, சாந்தாகுரூஸ், கார், பாந்த்ரா, மாஹிம், மாதுங்கா ரோடு, தாதர், பிரபாதேவி, அப்புறம் லோயர் பரேல். தாதர் தாண்டியதும் இரண்டாவது என்று நினைவில் வைத்தால் போதும். ஃபாஸ்டில் தாதர் வரை போய் அங்கே ஸ்லோவுக்கு மாறலாம் என்று மேப் சொல்லும். கணக்கில் சில நிமிடம் மிச்சம்தான், ஆனால் காலை ஒன்பது மணிக்குத் தாதரில் இறங்கி ஏறுவது புதியவருக்கு வேண்டாத வேலை. அந்தேரியிலேயே கிளம்பும் ஸ்லோ ரயில்கள் இருக்கின்றன, காலியாக வந்து நிற்கும். அதில் ஒன்றை உங்கள் நேரத்துக்குத் தேர்ந்தெடுத்துக்கொண்டு தினமும் அதிலேயே போங்கள். முதல் வாரம் முடிவதற்குள் அந்தப் பெட்டியில் முகங்கள் பழகிவிடும், அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

அந்தேரியில் ஒரே ஒரு இடத்தில் கவனமாக இருங்கள். அங்கிருந்து ஹார்பர் ரயில்களும் கிளம்புகின்றன, அவற்றில் சி.எஸ்.எம்.டி. என்று போட்டிருக்கும். அதுவும் தெற்கே போகிற ரயில்தான், மாஹிம் வரை உங்கள் ஸ்டேஷன்கள் வழியாகவே போகும். பிறகு விலகி கிங்ஸ் சர்க்கிள், வடாலா என்று போய்விடும், தாதரையோ லோயர் பரேலையோ தொடாது. தெரியாமல் ஏறிவிட்டால் பாந்த்ராவிலோ மாஹிமிலோ இறங்கி சர்ச்கேட் ஸ்லோ பிடிக்கலாம். அதையும் விட்டு கிங்ஸ் சர்க்கிள் வந்துவிட்டாலும் பதற வேண்டாம். அது மாதுங்கா, நம் ஆட்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. பூக்கடையில், காய்கறிக் கடையில் தமிழில் கேட்டாலே வழி சொல்வார்கள். பக்கத்தில் இருக்கும் சென்ட்ரல் லைன் மாதுங்கா ஸ்டேஷன் 2017 முதல் முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்துவது. அங்கே போய் நின்று கேட்க எனக்கு எப்போதுமே தனி தைரியம்.

பிளாட்பாரத்தில் தொங்கும் இண்டிகேட்டரை வாசிக்கப் பழகுங்கள், பாதிப் பயம் அங்கேயே போய்விடும். அதில் ரயில் போய்ச்சேரும் இடம் சுருக்கெழுத்தில் இருக்கும், பக்கத்தில் ஃபாஸ்டா ஸ்லோவா என்பதற்கு எஃப் அல்லது எஸ், எத்தனை நிமிடத்தில் வரும், எத்தனை பெட்டி என்பதும் இருக்கும். பன்னிரண்டா பதினைந்தா என்ற பெட்டிக் கணக்கைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. பெண்கள் பெட்டி பிளாட்பாரத்தில் எங்கே வந்து நிற்கும் என்பது அதைப் பொறுத்து மாறும். இதையெல்லாம் முதல் நாளே மனப்பாடம் செய்யத் தேவையில்லை, பெண்கள் கூட்டமாக நிற்கிற இடத்தில் போய் நில்லுங்கள். பெட்டி அங்கேதான் வரும்.

பெண்கள் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஒரு ரயிலில் இரண்டாம் வகுப்பு லேடீஸ் ஒன்றுக்கு மேல் உண்டு, முதல் வகுப்பு லேடீஸ் தனி. சில பெட்டிகள் நாள் முழுக்கப் பெண்களுக்கு, சில குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும், அந்த நேரம் பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். உள்ளே அதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்திருந்தால் யாராவது வந்து "கஹா உதர்னா ஹை?" என்று கேட்பார்கள். நீங்கள் இறங்கும் ஸ்டேஷனைச் சொன்னால், உங்களுக்குப் பின் அந்த இடம் அவர்களுடையது. நீங்களும் அதே மாதிரி கேட்டு இடம் பிடிக்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் தருவது இங்கே வழக்கம், நகராவிட்டால்தான் சண்டை வரும். குரல்கள் உரக்க இருக்கும், அவசரத்தில் தள்ளுவார்கள். ஆனால் ஒரு பெண்ணுக்கு மயக்கம் வந்தால் தண்ணீர், பிஸ்கட், விசிறி எல்லாம் நாலு திசையிலிருந்தும் வருவதை நான் அதே பெட்டியில் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தத்தைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கஷ்டம். லோக்கல் ஒரு ஸ்டேஷனில் அரை நிமிடம்போல்தான் நிற்கும். லோயர் பரேலில் இறங்கவேண்டுமென்றால் தாதரிலேயே எழுந்து வாசல் பக்கம் வந்துவிடவேண்டும். முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டு "லோயர் பரேல் உதரேங்கே?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவர் பின்னாலேயே நில்லுங்கள், இல்லையென்றால் அவரே வழிவிட்டு உங்களை முன்னால் அனுப்புவார். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம். ரயிலில் அறிவிப்பு மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் வரும். நின்ற பிறகு இறங்குங்கள். ஓடுகிற ரயிலிலிருந்து பழகியவர்கள் குதிப்பதைப் பார்ப்பீர்கள், அதை ஒருபோதும் செய்துபார்க்காதீர்கள். ஸ்டேஷன் தாண்டிவிட்டால் தாண்டிப்போகட்டும். அடுத்ததில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறினால் சேதம் பத்து நிமிடம், அவ்வளவுதான்.

திரும்பும்போது வடக்கே போகிற ஸ்லோ. அந்தேரி, போரிவலி என்று போட்டிருந்தால் தைரியமாக ஏறலாம். சில ரயில்கள் பாந்த்ராவோடு நின்றுவிடும், அதை மட்டும் பாருங்கள். மாலையில் தாதரிலிருந்து விரார் ஃபாஸ்ட் ஏறாதீர்கள். அந்தேரியில் அது நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் விரார் வரை போகிறவர்கள் நடுவில் இறங்குகிறவரை விரும்பமாட்டார்கள், அடைத்து நிற்கும் அந்தக் கூட்டத்தைக் கடந்து வாசலுக்கு வருவதும் நடக்காது. காலையில் எட்டிலிருந்து பதினொன்று வரை தெற்கு நோக்கியும், மாலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை வடக்கு நோக்கியும் கூட்டம் அதிகம். அலுவலகம் அனுமதித்தால் அரை மணி முன்னதாகவே கிளம்புங்கள்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை, இவை எல்லாம் ஆண்டுக்கணக்காக இப்படியே இருப்பவை. இனிச் சொல்வது மாறக்கூடியது, கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் விஷயத்தில், மூன்று வாரத்துக்கு அந்தேரி–லோயர் பரேல் மாதப் பாஸ் எடுப்பதே லாபம். தனி டிக்கெட் தேவைப்படும் நாளில் ரயில்வேயின் ரயில்ஒன் செயலியிலோ ஸ்டேஷன் இயந்திரத்திலோ எடுக்கலாம். செயலியில் எடுப்பதென்றால் ஸ்டேஷனுக்குள் நுழையுமுன்பே எடுத்துவிடுங்கள், பிளாட்பாரத்தில் நின்று முயன்றால் பெரும்பாலும் தராது. ஏ.சி. லோக்கலுக்குச் சாதாரண டிக்கெட், பாஸ் செல்லாது. அபராதம் குறைந்தது 250 ரூபாய், அதோடு கட்டணமும். கதவு மூடிக்கொள்ளும் ரயில் வந்து நின்றால், அது உங்களுடையதல்ல என்று விட்டுவிடுங்கள்.

மெட்ரோ உங்களுக்கு ஒரு நல்ல மாற்று. முதல் லைன் வர்சோவா–அந்தேரி–காட்கோபர், 2014 முதல் ஓடுகிறது. பூமிக்கடியில் ஓடும் மூன்றாவது லைன் 2025 அக்டோபரில்தான் ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை முழுதாகத் திறந்தது. இரண்டும் சந்திப்பது மரோல் நாக்காவில், அது அந்தேரி கிழக்கில் இருக்கிறது. உங்கள் தங்குமிடம் மரோல், சஹார் பக்கமாக இருந்தால் மூன்றாவது லைனில் ஏறி வொர்லியின் ஆச்சார்ய அத்ரே சௌக்கில் இறங்கி, அங்கிருந்து டாக்ஸியில் லோயர் பரேல் போகலாம். செலவு லோக்கலைவிடப் பல மடங்கு, ஆனால் முதல் இரண்டு நாள் லக்கேஜோ பதற்றமோ இருக்கும்போது அந்தப் பணம் வீணல்ல. விமானத்தில் வருவதாக இருந்தால் இரண்டு டெர்மினலுக்கும் இதே லைனில் ஸ்டேஷன் உண்டு.

ஆட்டோவைப் பற்றி நீங்கள் பயப்படவே வேண்டாம். இங்கே மீட்டர்தான், பேரம் கிடையாது. 2025 பிப்ரவரியில் மாற்றியபடி முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஆட்டோ 26 ரூபாய், டாக்ஸி 31. நள்ளிரவுக்கு மேல் கால் பங்கு கூடுதல். கிட்டத்தில் போகவேண்டுமென்றால் வரமாட்டேன் என்பார்கள், அடுத்த ஆட்டோவைக் கேளுங்கள். பாந்த்ராவுக்கும் சயானுக்கும் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. லோயர் பரேலில் இறங்கி ஆட்டோ தேடி நிற்காதீர்கள், டாக்ஸி மட்டும்தான். பெஸ்ட் என்கிற மாநகரப் பேருந்து மலிவு, 2025 மே முதல் குறைந்தபட்சம் 10 ரூபாய், ஏ.சி. 12. ஆனால் பல பேருந்துகளின் நெற்றியில் எண் மராத்தி எழுத்தில் இருக்கும், நமக்குச் சட்டென்று புரியாது. வழித்தடங்களும் மாறிக்கொண்டே இருப்பதால் நான் எண் எதுவும் சொல்லமாட்டேன், நிறுத்தத்தில் நிற்பவரைக் கேட்டு ஏறுவதே நல்லது.

பாதுகாப்பு. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். வாசலில் நின்று போன் பேசாதீர்கள், பாதையோரம் நின்று கையில் அடித்துப் போனைத் தட்டிப் பறிக்கிற கும்பல் உண்டு. எத்தனை பேர் குறுக்கே நடந்தாலும் நீங்கள் தண்டவாளத்தைக் கடக்கக் கூடாது. இந்த ஊர் ரயிலில் உயிர் போவது பெரும்பாலும் அதனால்தான். அடுத்தபடி வாசலில் தொங்குவது. 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா வளைவில் ஓடும் ரயில்களின் வாசலிலிருந்து ஆட்கள் விழுந்து இறந்தார்கள். உள்ளே நுழைய இடமில்லையென்றால் அந்த ரயிலை விட்டுவிடுங்கள், அடுத்தது நாலைந்து நிமிடத்தில் வரும். இரவில் லேடீஸ் பெட்டியில் போலீஸ்காரர் வரவேண்டும் என்பது ஏற்பாடு, ஒவ்வொரு பெட்டியிலும் இருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பத்து மணிக்குமேல் அந்தப் பெட்டி காலியாக இருந்தால், குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் பொதுப் பெட்டியில் ஏறுவதே என் வழக்கம். ரயில்வே உதவிக்கு 139, எந்த அவசரத்துக்கும் 112.

ஜூலை என்பதால் மழையைச் சொல்லாமல் விடமுடியாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது, அதைப் பார்த்தவர்கள் இன்றும் அந்தத் தேதியைச் சொல்லித்தான் பேசுவார்கள். அந்த அளவு அபூர்வம். ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒன்றிரண்டு நாள் ரயில் நிற்கும். ஊரின் வடிகால்கள் கடலில் போய் முடிகின்றன. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது கனமழையும் சேர்ந்தால் தண்ணீர் வெளியே போகாமல் தேங்கும், சயான், குர்லா பக்கம் தண்டவாளம் மூழ்கும். கடல் ஏற்ற நேரம் அன்றைய செய்திகளிலேயே வரும். அந்த நேரமும் விடாத மழையும் ஒன்று சேர்ந்தால் அலுவலகத்தில் சொல்லிவிட்டு மதியமே கிளம்புங்கள், அல்லது அங்கேயே தங்குங்கள். நடுவில் மாட்டிக்கொள்வதுதான் மோசம். தேங்கிய தண்ணீரில் இறங்கி நடக்கவே கூடாது, திறந்த மேன்ஹோல் எங்கே என்று தெரியாது.

வந்து இறங்கும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு ரயில்கள் சில சி.எஸ்.எம்.டி.யில், சில தாதரில், சில லோக்மான்ய திலக் டெர்மினஸில் முடிகின்றன. டிக்கெட்டில் எது என்று பாருங்கள். லோக்மான்ய திலக் என்றால் அது குர்லா பக்கம், வாசலிலேயே அந்தேரி கிழக்குக்கு ஆட்டோ கிடைக்கும். எங்கே இறங்கினாலும் பெட்டி படுக்கையோடு அன்று லோக்கல் ஏறாதீர்கள். தாதரில் இறங்கினால், 2023 டிசம்பரிலிருந்து அங்கே பிளாட்பார எண்கள் தொடர்ச்சியாக ஓடுகின்றன. வெஸ்டர்ன் 1 முதல் 7, சென்ட்ரல் 8 முதல் 14. பழைய எண்ணைச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பலகையை நம்புங்கள்.

கடைசியாக டோம்பிவிலி. தாதர் போய்ச் சுற்ற வேண்டாம். அந்தேரியிலிருந்து மெட்ரோவில் காட்கோபர், அங்கே சென்ட்ரல் லைன் மாறி வடக்கே போகும் ஃபாஸ்ட். கல்யாண், அம்பர்நாத், பத்லாபூர், டிட்வாலா, ஆசன்காவ் எது போட்டிருந்தாலும் டோம்பிவிலி வழியாகத்தான் போகவேண்டும். தானே என்று போட்டதில் ஏறாதீர்கள், அது முன்னாலேயே முடிந்துவிடும். டோம்பிவிலியில் நிற்குமா என்று ஏறும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், நீண்ட தூர ஃபாஸ்ட் சில தாண்டிப்போகும். நீங்கள் போவது ஞாயிறு என்பதால் மெகா பிளாக் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். பராமரிப்புக்காக ஞாயிறு பகலில் சில மணி நேரம் ஒரு பாதையை மூடி, ஃபாஸ்ட் ரயில்களை ஸ்லோ பாதையில் விடுவார்கள். ரயில் வரும், ஆனால் குறைவாக, தாமதமாக. காலை ஒன்பதுக்குள் காட்கோபர் தாண்டிவிட்டால் பெரும்பாலும் அதில் மாட்டமாட்டீர்கள். திரும்பும்போது கடைசி ரயில் வரை காத்திருக்காமல் எட்டு மணிக்குள் டோம்பிவிலியை விட்டுக் கிளம்புங்கள், மெட்ரோவும் நிதானமாகக் கிடைக்கும். அத்தை வீடு டோம்பிவிலி ஈஸ்டா வெஸ்டா என்று நீங்கள் எழுதவில்லை, அதை இப்போதே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.